உடையாத இரண்டு முட்டைகள்

லெபனானின் பத்ரூனில் அபூ தோமித் வீட்டுக்கு ஈஸ்டர் இரண்டு முறை வரும். அவர் மாரோனியர், போப்பின் கணக்குப்படி கொண்டாடுகிறவர். மருமகள் நஜ்லா மலைக்கு அந்தப் பக்கத்து ஆர்த்தடாக்ஸ் பெண். இந்த வருடம் அவளுடைய ஈஸ்டர் ஒரு வாரம் பிந்தியது.

“கிறிஸ்து உயிர்த்தார், மருமகளே!” விடிந்ததும் விடியாததுமாக அவர் வம்புக்கு வந்தார்.

“எங்க பக்கம் இன்னைக்குத்தான் குருத்தோலை ஞாயிறு மாமா, அவர் இப்பத்தான் கழுதை மேல ஏறியிருக்கார். அவசரப்படாதீங்க.”

“உங்க கழுதை என்னைக்குமே நொண்டிக் கழுதைதான்.”

நஜ்லா சிரித்துவைத்தாள். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. பிள்ளைக்கு அப்பன் சபையில்தான் ஞானஸ்நானம் என்பது ஊர் வழக்கம். தன் ஊர்க் கோயிலில் தன்னை முக்கியெடுத்த அதே தொட்டியில் தன் பிள்ளையையும் மூன்று முறை முக்கியெடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. புருஷன் தோமித்தோ அப்பா சொன்னாலும் தலையாட்டுவான், அவள் சொன்னாலும் தலையாட்டுவான். கடைசியில் மாமனாரே, “முட்டை தீர்ப்பு சொல்லட்டும். கோழிமுட்டைதான், ஞாபகம் இருக்கட்டும்” என்றுவிட்டார். அவித்த ஈஸ்டர் முட்டைகளை நுனியோடு நுனி மோதும் சண்டையில் முப்பது வருடமாக அவரை ஜெயித்தவர் இல்லை.

நஜ்லா மட்டும் சளைத்தவளா? தாய்வீட்டிலிருந்து கினிக்கோழி முட்டை ஒன்றை வரவழைத்து, நிறம் தெரியாதபடி வெங்காயத் தோல் போட்டு அவித்து வைத்திருந்தாள். அதன் ஓடு லேசில் உடையாது. நுனி மட்டும் தெரியும்படி கைக்குள் பொத்திக்கொண்டாள்.

டக். இரண்டும் உடையவில்லை. மறுபடி டக். நாலாவது மோதலில் மாமனாருக்கு நெற்றி வியர்த்தது. நஜ்லா பிடியை இன்னும் இறுக்கினாள்.

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “போதும். அவங்கவங்க முட்டைய உரிச்சு என் கண்ணு முன்னால தின்னுங்க.”

“ஐயோ அத்தை, எனக்கு இன்னும் நோன்பு! அடுத்த ஞாயிறு வரைக்கும் முட்டைய வாயில வைக்கக் கூடாதே.”

“அதுவும் சரிதான்.” மாமியார் புருஷன் பக்கம் திரும்பினாள். “உங்க நோன்பு நேத்தோட முடிஞ்சுதே. தின்னுங்க.”

அபூ தோமித் முட்டையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். “பசிக்கல.”

அவள் பிடுங்கி மேசையில் போட்டாள். நங்கென்று விழுந்து உருண்டது. முட்டை மாதிரி இழைத்துச் சாயம் பூசிய சலவைக்கல்.

“முப்பது வருஷமா இந்தக் கல்லாலயாய்யா என் முட்டைய உடைச்சீங்க?”

அவர் காது மடல் சிவந்தது. “சரி, பிள்ளைய எங்க வேணும்னாலும் முக்கிக்கோ. ஆனா உன் முட்டை உன் அத்தை பொறுப்புல இந்த வீட்டு ஃபிரிட்ஜிலதான் இருக்கும். உன் நோன்பு முடிஞ்சதும் என் முன்னால உரிக்கணும். கோழிமுட்டை இல்லேன்னா பேச்சு வாபஸ்!”

ஈஸ்டருக்கு முந்திய பாடுகளின் வாரம் என்றால் என்னவென்று நஜ்லாவுக்கு அந்த வாரம்தான் புரிந்தது.

ஞாயிறு வந்தது. மாமியார் முட்டையைத் தட்டில் வைத்தாள். நஜ்லா கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினாள். ஓடு பொலபொலவென்று உதிர்ந்தது. சாதாரணக் கோழிமுட்டை. மாமனார் குனிந்து மோந்தே பார்த்துவிட்டார்.

“மெய்யாகவே உயிர்த்தார்” என்று ஈஸ்டர் வாழ்த்துக்கு உரிய பதிலை முனகிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

உப்பு வைக்கிற சாக்கில் மாமியார் நஜ்லாவின் காதருகே குனிந்தாள்.

“உன் கினிக்கோழி முட்டைய நான் புதன்கிழமையே தின்னுட்டேன்டி. ஓடு உரிக்கிறதுக்குள்ள என் நகம் போச்சு.”