பேக்கரி வரைக்கும்தான் வழி

பாஞ்சாலையின் சாப்பாட்டுக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. வெளிநாட்டுக்காரர் யார் வந்தாலும் இட்லி கேட்டால் இட்லி, சோறு கேட்டால் சோறு. ஆனால் நெய் மிதக்கும் மிளகுப் பொங்கல் வேண்டுமென்றால் கடை நோட்டில் படம் போட்டாக வேண்டும். என்ன படம்? அவரவர் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரவர் வீட்டுக்குப் போகிற வழி. படம் இல்லையா, பொங்கலும் இல்லை.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி நாலாவது கூரை அவளுடையது. கடை போட்ட புதிதில் ஒரு ஜப்பான்காரர் வந்தார். எந்த ஊர் என்று கேட்காமல் இலை போட்டு அவளுக்குப் பழக்கமில்லை. அவள் ஊரான அடி அண்ணாமலையில் பிறந்த யாருக்குமே பழக்கமில்லை. அவர் சொன்ன பெயர் இவள் வாயில் நுழையவில்லை. மனிதர் பென்சிலை எடுத்து வரைந்தே காட்டிவிட்டார். ரயில் ஸ்டேஷன், மீன் கடை, தெருவே சேர்ந்து குளிக்கிற வெந்நீர்க் கூடம், அதை ஒட்டிய சந்தில் வீடு.

"அட, இவ்ளோ கிட்டத்துலயா கீது!" என்றாள் பாஞ்சாலை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

ஆறு வருஷத்தில் மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. இத்தாலிக்காரி ஒருத்தி தன் ஊரில் பஸ்ஸே கிடையாது என்று படகுத்துறையிலிருந்து கோடு இழுத்தாள். பெரு நாட்டுக்காரன் வழியைவிட மலையைப் பெரிதாகப் போட்டான். அவனுக்கு மட்டும் பொங்கல் இரண்டு கரண்டி. ஈரான்காரன் ஒருவன் படமே போடாமல் நாலு வரி எழுதினான். உருது தெரிந்த பூட்டு ரிப்பேர் கடை பாய் எழுத்துக் கூட்டிப் படித்து, "வீட்டுக்கு வழி கேக்காதே, வாசல்ல கீற மாதுளையைக் கேளுன்னு கவிதை எழுதியிருக்கான்மா" என்றார். கவிதைக்குப் பொங்கல் உண்டா என்று பாஞ்சாலை கொஞ்சம் யோசித்தாள். மரம் அடையாளம் சொல்லியிருக்கிறானே என்று போட்டுவிட்டாள்.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. வழியில் ஒரு கடையாவது காட்ட வேண்டும். அந்தக் கடைப் பலகையில் இருப்பதை அப்படியே எழுத வேண்டும். கடையைச் சொல்லாமல் யாருக்காவது வழி சொல்ல முடியுமா?

இந்த நோட்டைக் கண்டால் ஆதிமூலம் சாருக்கு மட்டும் வயிறு எரியும். ஹைஸ்கூலில் பூகோளம் நடத்துகிறவர். தினமும் காலையில் நாலு இட்லியும் நாற்பது குறையும் அவருக்கு.

"ஸ்கேல் எங்கே? வடக்கு எங்கே? இதுக்குப் பேரு மேப்பா? கிறுக்கல்!"

"மலை எந்தப் பக்கம்னு தெரிஞ்சா போதும், வாத்தியாரே. வடக்கை வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்பாள். வெளியே சிரித்தாலும் உள்ளே அவளுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். படித்தவர் சொல்லிவிட்டார் அல்லவா!

எழுபத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். பேச மாட்டான், மௌன விரதம். பாஸ்போர்ட்டைக் கிழித்துக் குளத்தில் போட்டுவிட்டான் என்று பேச்சு. ஊர் கேட்டால் கையை விரிப்பான். ரோடே அவனுக்கு மௌனசாமி என்று பேர் வைத்துவிட்டது.

விரதக்காரனாக இருந்தாலும் பொங்கல் வாசனைக்கு மூக்கு விரதம் இருக்குமா? மூன்றாவது வாரம் சைகையில் பென்சிலைக் கேட்டு வாங்கினான். பஸ் நிற்கும் இடம், ஒரு பாலம், மணிக்கூண்டு வைத்த தேவாலயம், அதற்கு எதிரே ஒரு பேக்கரி. ஜன்னலில் அடுக்கிய ரொட்டிகளைக்கூட ஒவ்வொன்றாக வரைந்தான். சின்ன வயதில் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தவன்போல. பாஞ்சாலை பலகையைத் தொட்டுக் காட்ட, அதில் இருந்ததையும் எழுதினான். அதோடு பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

"வூடு எங்கப்பா?"

அவன் தலையை ஆட்டினான். வீடு கிடையாது. வழி பேக்கரி வரைக்கும்தான்.

சட்டம் சட்டம்தான். பாதிப் படத்துக்குப் பாதிக் கரண்டிப் பொங்கல் வைத்தாள். அவன் முதல்முறையாகச் சிரித்தான்.

கார்த்திகை பிறந்ததும் விஷ ஜுரம் அவனைச் சாய்த்துவிட்டது. பாஞ்சாலையின் புருஷன் சடையன்தான் மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் நல்ல மனிதர். ஊசி போட்டுவிட்டு, "நிலைமை சொல்ல முடியாது. இவனைப் பெத்தவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். யாருக்கென்று சொல்வது? பேர் இல்லை, காகிதம் இல்லை. எந்த நாட்டுக்கு எழுதுவது என்று தெரியாமல் அதிகாரிகளும் கையைப் பிசைந்தார்கள். அவனோ மயக்கத்தில் கிடந்தான்.

பாஞ்சாலை அன்று கடைக்குத் திரும்பி அடுப்பை மூட்டவில்லை. எங்கேயோ ஒருத்தி, பிள்ளை எங்கே என்று தெரியாமல், இந்த நேரத்தில் ரொட்டி வாங்கிக்கொண்டிருப்பாள். அந்த நினைப்பே அவளை உட்காரவிடவில்லை. ரொட்டி! எழுந்துபோய் மூன்றாவது நோட்டை எடுத்தாள்.

கடைக்குப் பக்கத்து வீட்டு அறையில் ஹாலந்துக்கார அம்மா ஒருத்தி தங்கியிருந்தாள். நோட்டைக் கண்ணருகே கொண்டுபோய் பேக்கரிப் பலகையைப் படித்தாள். வட்டத்தின் குறுக்கே கோடு கிழித்த ஓர் எழுத்தில் விரலை வைத்தாள்; கீழ் வரியையும் படித்துவிட்டு, "நார்வே!" என்று கத்தினாள். பலகையில் கடைக்காரர் பேருக்குக் கீழே ஊர்ப் பேரும் இருந்தது. ஊரைச் சொல்ல மாட்டேன் என்று கையை விரித்தவன், பலகையை எழுதும்போது அதையும் சேர்த்து எழுதியதை அவனே கவனிக்கவில்லை.

மறுநாள் காலை இட்லிக்கு வந்த ஆதிமூலம் சாரை அவள் உட்காரவே விடவில்லை.

"வாத்தியாரே, ஒரு தந்தி எழுதுங்க. இங்கிலீசுல."

"யாருக்கு?"

"பேக்கரிக்கு."

"பைத்தியமா உனக்கு? எங்கேயோ நார்வேயில ஒரு ரொட்டிக் கடைக்கா? அவன் என்ன பண்ணுவான்?"

"எங்கிட்ட தெனம் சாப்புட்ற புள்ளையை எனக்குத் தெரியும். அந்தக் கடைக்காரனுக்கு அவங்கிட்ட ரொட்டி வாங்குன புள்ளையைத் தெரியாதா? எழுதுங்க சார்."

சார் நோட்டைப் பார்த்தார். பாலம், மணிக்கூண்டு, ஜன்னல் ரொட்டி. ஸ்கேல் இல்லை, வடக்கு இல்லை. பேனாவைத் திறந்தார். நெட்டையான பையன், சிவந்த முடி, இடது புருவத்தில் தழும்பு என்று பாஞ்சாலை சொல்லச் சொல்ல எழுதினார்.

ஐந்து நாள் தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அவள் வாசலுக்கு ஓடினாள். பதில் வராவிட்டால் ஊர் சிரிக்கும் என்பதுகூடப் பெரிதில்லை. பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், யாருடைய பிள்ளை என்றே தெரியாமல் மண்ணில் போவான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆறாம் நாள் பேக்கரியிலிருந்து தந்தி வந்தது. ஆதிமூலம் சார் கடை நடுவில் நின்று படித்தார்: பையன் பேர் ஓலாவ். அம்மாவிடம் சொல்லியாயிற்று. பாஸ்போர்ட் கிடைத்ததும் அம்மா புறப்படுகிறாள்.

கடைசி வரியைச் சார் இரண்டு தடவை படித்தார். பாஞ்சாலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வர்ற பொம்பளைக்கு வழி தெரிய வேணாமா?" என்று நோட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். அத்தனை பேரை வரைய வைத்தவள் தன் கடைக்கு வழி வரைந்தது அன்றைக்குத்தான். பஸ் ஸ்டாண்ட், ராஜகோபுரம், பாத்திரக் கடை, செங்கம் ரோடு. கடைப் பலகை எழுத்துகளைச் சார் நேரில் போய்ப் பார்த்து அப்படியே எழுதினார். எல்லாவற்றுக்கும் வலது கைப் பக்கம் மலை. தாளில் பாதி மலைதான். வடக்குக்கு ஓர் அம்பு போடட்டுமா என்று சார் கேட்கவே இல்லை. பேக்கரி விலாசத்துக்கு விமானத் தபாலில் அது போயிற்று.

ஜுரம் மெல்ல இறங்கியது. பையன் உயிர் பிழைத்து, கடையின் பின்னறையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அம்மா வருகிறாள் என்று சொன்னபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வெகுநேரம் தோள் குலுங்கியது.

மார்கழியில் ஒரு காலை. ரோட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தனியாக நடந்து வந்தாள். ஜட்கா வண்டி இல்லை, துணைக்கு ஆள் இல்லை, வழியில் யாரையும் கேட்கவும் இல்லை. கையில் தாள். ஒரு பார்வை தாளில், ஒரு பார்வை கடைகளில், ஒரு பார்வை மலையில். நாலாவது கூரை முன்னால் வந்து நின்றாள்.

பாஞ்சாலை கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். "பாத்தீங்களா வாத்தியாரே! என் படம் கூட்டியாந்துட்ச்சு!" என்று ரோடே கேட்கச் சொன்னாள். சார் இட்லியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

பின்னறையில் அம்மாவும் பிள்ளையும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை. அரை மணி கழித்து இருவரும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பையனுக்குச் சோறு கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லி நாலு நாள் ஆகியிருந்தது. பாஞ்சாலை மூன்றாவது நோட்டைப் பிரித்து அந்த அம்மாள் முன் வைத்தாள்.

அம்மாள் பாலத்தைத் தொட்டாள், மணிக்கூண்டைத் தொட்டாள், பேக்கரியில் வந்து விரல் நின்றது. பிள்ளையைப் பார்த்தாள். அவன் தலை குனிந்தான். அவள் பென்சிலை எடுத்து, பேக்கரியிலிருந்து கோட்டை மேலே இழுத்தாள். ஒரு வளைவு, ஒரு மரம், ஒரு வீடு. வீட்டுக்கு ஒரு கதவு. கதவைத் திறந்தே வரைந்தாள்.

பாஞ்சாலை அடுப்பங்கரைக்குப் போய் அண்டாவைத் திறந்தாள். மீதிப் பாதிக் கரண்டியை நெய் வழிய அள்ளிக்கொண்டு வந்து அவன் இலையில் வைத்தாள்.