ஏரிப் பிசாசின் நாயகி

அமெரிக்காவின் டுலூத் நகரத்துப் பழைய தியேட்டரில் சனிக்கிழமை மதியந்தோறும் ஏதாவது ஒரு ஓட்டைப் பேய்ப்படம் போடுவார்கள். டாட் என்ற இளைஞன் முன்வரிசையில் மைக்கோடு உட்கார்ந்து, திரையில் வருகிறவர்களை எல்லாம் கிண்டலடிப்பான். கூட்டம் வருவது படத்துக்காக இல்லை, அவன் வாய்க்காக.

அந்த வாரம் 'ஏரிப் பிசாசு' என்று கேள்விப்பட்டதும் வயதான வெர்னா கோல்ஸ்டாட் மகளைப் படத்துக்குக் கூப்பிட்டாள்.

பத்தொன்பது வயதில் வெர்னா நடித்த ஒரே படம் அது. கல்யாணத்துக்குப் பிறகு கணவன் ஹெரால்ட் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. நீச்சலுடையில் நின்று அலறியவள் தன் மனைவி என்று சர்ச்சில் தெரிந்தால் மானம் போய்விடுமாம். அவர் போய்ச் சேர்ந்த பிறகும், மகள் ஜானிஸைத் தவிர யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை.

"வேணாம்மா, எல்லாரும் உன்னைப் பாத்துச் சிரிப்பாங்க," என்றாள் ஜானிஸ்.

"சிரிக்கட்டும். நான் இன்னும் ஒரு தடவைகூட அந்தப் படத்தைப் பாக்கல."

இருவரும் நடுவரிசையில் உட்கார்ந்தார்கள். ஏரியிலிருந்து பிசாசு எழுந்தது.

"வருது பாருங்க... அய்யய்யோ, முதுகுல ஜிப்பு! அம்மா தைச்சுக் குடுத்த பிசாசுடா!" என்றான் டாட்.

வெர்னாவும் வயிறு குலுங்கச் சிரித்தாள். அடுத்து இளம் வெர்னா கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அலறினாள்.

"பல் டாக்டர்கிட்ட வாயைத் தொறக்குற மாதிரியே இருக்கே! இந்தப் பொண்ணுக்கு அலறக்கூட வரல."

தியேட்டரே அதிர்ந்தது. ஜானிஸ் அம்மாவின் கையைப் பிடித்து, "எந்திரி, போயிடலாம்," என்றாள். வெர்னா எழுந்தாள். போகவில்லை.

"தம்பி, அது அக்டோபர் மாசத்து சுப்பீரியர் ஏரி, ஐஸ் தண்ணி. நீ முட்டி வரைக்கும் எறங்கி நில்லு, எப்படி அலறுறேன்னு பாப்போம்."

டாட் திரும்பினான். "யாருங்க அது?"

"அந்தப் பல் டாக்டர் வாய்தான்," என்று திரையைக் காட்டினாள்.

அவன் முகம் வெளிறிப்போனது. "மன்னிச்சுக்கங்கம்மா, தெரியாம..."

"மன்னிப்பு எதுக்கு? படம் மட்டமான படம்தான். ஆனா என்னைக் கிண்டல் பண்றதுல மொதல் உரிமை எனக்கு. மைக்கக் குடு."

மைக் கைக்கு வந்ததும் அவளை நிறுத்த முடியவில்லை. "இந்த ஹீரோ என்னைக் காப்பாத்தப் பாயுறானே, இவனுக்கு நீச்சலே தெரியாது. நான்தான் முடியைப் பிடிச்சுக் கரைக்கு இழுத்துட்டு வந்தேன். அதை மட்டும் வெட்டிட்டாங்க, பாவிங்க!"

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சர்ச்சில் கூடவே பாடும் எட்னா. "வெர்னா! நீயா அது? அந்த டிரெஸ்லயா?"

வெர்னா மைக்கை நெருக்கிப் பிடித்தாள்.

"நானேதான் எட்னா. காலைப் பாரு, எவ்வளவு அழகா இருந்திருக்கேன்! இத்தனை வருஷம் இதை மூடி வச்சேன் பாரு, வெக்கப்படணும்னா அதுக்குத்தான் வெக்கப்படணும்."

கைதட்டல் அடங்க நேரமானது. டாட் தன் நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

வெளியே வந்ததும் ஜானிஸ், "நாளைக்கு சர்ச்சுல என்னென்ன பேசுவாங்களோ," என்றாள்.

"மொத பெஞ்சுலயே உக்காரப்போறேன். பேசுறவங்க என் மூஞ்சியப் பாத்துப் பேசட்டும்."

சொன்னபடியே உட்கார்ந்தாள். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாட்டு ஆரம்பித்ததும் வெர்னா எல்லோரையும்விட உரக்கப் பாடினாள்.