மங்கலத்தில் இறங்காத தட்டு

"அந்தக் கனமானதக் குடுங்ணா, எனக்கு எதுக்கு இந்த—"

"உனக்கு இதுதான். எறியறதுன்னா எறி, இல்லீன்னா ஊட்டுக்குப் போ, பெரியவங்க எத்தன நேரம்—"

"—பக்கெட்டு மூடியாட்ட இருக்கறதக் குடுத்து ஏமாத்தறீங்க. நல்லதெல்லாம் உங்களுக்கு, கழிச்சுப் போட்டது எனக்குங்களா—"

"—வாயிலதான் நீ தூரம் எறிவ."

2006-ஆம் வருஷம் மங்கலத்துக் கிணற்று மேட்டில் இப்படி ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்ற சென்னியப்பனும் கண்ணம்மாளும் கூடப் பிறந்தவர்கள். ஆத்திரத்தில் தங்கச்சி கண்ணம்மாள் வீசிய தட்டு தரையில் விழவே இல்லை. அன்றைக்கு வீசியது இன்றைக்கும் பறந்துகொண்டிருக்கிறது.

சண்டை அவர்கள் அப்பா விட்டுப்போன நிலத்துக்கு. கிணறும் நின்றுபோன தறிக்கொட்டகையும் சேர்ந்தது அது. "எம்பொண்ணுக்கும் பாதி குடுத்தரோணும்" என்று அப்பா போகிற நேரத்தில் சொன்னதைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கண்ணம்மாள் கேட்டாள். கால்மாட்டில் நின்ற சென்னியப்பன், எனக்கு அப்படி ஒன்றும் காதில் விழவில்லை என்றான். அறையில் மூன்றாவது ஆள் இல்லை. முருகன் கோயிலில் கூடிய பெரியவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு காபி குடித்தார்கள்.

சென்னியப்பன் பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தான். அந்த வருஷம் பின்லாந்துக்காரர் ஒருவர் அவனிடம் டீசர்ட் ஆர்டர் கொடுத்திருந்தார். அந்த நாட்டில் தட்டை எறிந்து தூரத்தில் இருக்கும் சங்கிலிக் கூடைக்குள் போடுவது ஒரு ஆட்டம். டிஸ்க் கோல்ஃப் என்று பேர். டீசர்ட்டில் வரும் பிரிண்டுக்கு நிறம் பார்க்க ஒரு அட்டைப்பெட்டி நிறையத் தட்டு அனுப்பியிருந்தார். எல்லாம் டிரைவர் என்கிற தூரத்துத் தட்டு. எந்தப் பிளாஸ்டிக், என்ன எடை, எது எந்தப் பக்கம் சாயும் என்று அவர் போனில் விளக்கியதற்கெல்லாம் சென்னியப்பன் எஸ் சார், எஸ் சார் என்றான். போனை வைத்ததும் தட்டுகளைத் தராசில் வைத்தான். துணியை வட்டமாக வெட்டி எடை போட்டுத் தரம் சொல்கிற ஊர் இது. கனமாக இருந்தால் நல்ல துணி, இலேசானால் மட்டம். வட்டமாக வந்த தட்டுக்கும் அவன் அதே கணக்கைத்தான் போட்டான்.

அந்தத் தைரியத்தில்தான் பெரியவர்கள் முன்னால் போய், "பாதியெல்லாம் கெடையாதுங்க. கெணத்து மேட்டுல நின்னு அவ தட்டு எறியட்டும். உழுகற எடம் வரைக்கும் அவளுது, மிச்சம் என்னுது" என்றான். பெரியவர்களுக்கு எழுந்து போக ஒரு வழி கிடைத்தது.

நூற்றைம்பது கிராம் தட்டைத் தங்கச்சிக்கு நீட்டினான். அமுக்கினால் வளைகிற மங்கல் பிளாஸ்டிக். கண்ணாடிபோலப் பளபளத்த, விறைப்பான விளிம்புள்ள நூற்றெழுபத்தைந்து கிராம் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பல வருஷமாகச் செக்கிங் டேபிளில் நின்று விரலால் துணி பார்த்துவந்த கண்ணம்மாளுக்கும் கனம்தான் உசத்தி. ஏமாற்றுகிறான் என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலோடு வீசினாள்.

தட்டு வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, நிமிர்ந்தது, தென்னை உயரம் ஏறியது, வேலியைத் தாண்டியது. சாயங்காலம் பெருமாநல்லூரில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். மறுநாள் முதலிபாளையத்தில் ஷிப்டு விட்டு வந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு திரும்பி வந்து நிலத்துக்கு மேலேயே சுற்ற ஆரம்பித்தது. பின்லாந்துக்காரர் போனில், பழகாத கைக்கு இலேசான தட்டுதான் சரி, கனமானதை அந்த அம்மா வீசியிருந்தால் இடது பக்கம் வெட்டிக் கிணற்றுக்குள் போயிருக்கும் என்றார். எத்தனை வருஷம் பறக்கும் என்று கேட்டதற்கு, அதைப் பற்றிக் கேட்டலாக்கில் போடவில்லை என்றார்.

விழாத தட்டுக்கு எங்கே எல்லைக் கல் நடுவது என்று பெரியவர்கள் கைவிரித்தார்கள். கம்பெனிக்குப் புதுக் கட்டிடம் கட்ட சென்னியப்பன் அந்த நிலத்தில் தோண்டிய அஸ்திவாரக் குழியில் எருக்கு முளைத்தது. கரண்ட் போகிற மத்தியானங்களில் அக்கம்பக்கத்தார் தட்டுக்குக் கீழே பாய் விரித்துக் காற்று வாங்கினார்கள்.

அது எதனால் நிற்கிறது என்பதை முதலில் சொன்னது தென்காசிப் பக்கமிருந்து வந்து கண்ணம்மாளோடு செக்கிங்கில் நின்ற செல்லத்தாய். "ஏக்கா, அது எங்கன எறங்கும்? ஒங் கோவம்லா அதத் தாங்கிட்டு நிக்கி." உண்மைதான். மகள் வினிதாவின் கல்யாணத்தில் கண்ணம்மாள் வாய்விட்டுச் சிரித்தபோது தட்டு பந்தல் உயரத்துக்கு வந்ததைச் சமையல்காரர் உட்பட எல்லோரும் பார்த்தார்கள். பந்தியில் அண்ணன் முகத்தைக் கண்டதும் பழையபடி ஏறிவிட்டது.

சென்னியப்பன் அன்றிலிருந்து தங்கச்சியைக் குளிரவைக்கும் வேலையில் இறங்கினான். தீபாவளிக்குப் பட்டுச்சேலை, தைப்பூசத்துக்குப் பழனிப் பஞ்சாமிர்தம், சும்மா வரும்போது மைசூர்பாகு. ஏ புள்ள என்று கூப்பிட்ட வாய் கண்ணு, கண்ணு என்றது. ஒவ்வொரு தடவையும் தட்டு ஒரு முழம் இறங்கும். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, "என்ன இருந்தாலும் பொட்டப்புள்ளைக்கு எதுக்கு கண்ணு நெலம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வான். இறங்கியதற்கு இரண்டு பங்கு ஏறிவிடும். "ஒங்கண்ணனுக்கு வாயில பூட்டுப் போட்டுக் கூட்டிட்டு வாக்கா" என்றாள் செல்லத்தாய்.

2009 ஆடியில் வெறுங்கையோடு வந்தான். கட்டிடம் இல்லாமல் ஆர்டர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டன. ஆள் பாதியாக இளைத்திருந்தான். கிணற்று மேட்டில் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணம்மாளுக்கு மனசு என்னவோ செய்தது. தட்டு தென்னையை விட்டு இறங்கியது, கொட்டகைக் கூரையை விட்டு இறங்கியது, இரண்டு பேர் தலைக்கு மேல் கை எட்டுகிற உயரத்தில் வந்து ஃபேன் மாதிரி சுற்றியது. அவள் நரைமயிர் காற்றில் பறந்தது.

"எறங்கச் சொல்லு கண்ணு" என்றான். "பாதியே எடுத்துக்கோ. போனாப் போகுதுன்னு நானே குடுக்கறேன்."

தட்டு சட்டென்று ஒரு முழம் மேலே போய் நின்றது. கண்ணம்மாள் அதைப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தைத்தான் பார்த்தாள்.

"நீங்க குடுக்க வேண்டாங்ணா. கால்மாட்டுல நின்னீங்கல்ல, அப்பா சொன்னது உங்க காதுல உழுந்துச்சுங்களா, இல்லீங்களா?"