ஸ்பிரிங்ளருக்கு வெள்ளோட்டம்

சென்னையில் அடுக்குமாடி வீடுகளுக்கு ஸ்பிரிங்ளர் மாட்டுவது என் வேலை. தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானே தண்ணீர் கொட்டுமே, அதுதான். இருபதாவது மாடிக்காரனுக்கெல்லாம் மாட்டிக் கொடுத்தவன் வீடே எரிந்தது என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

போன வருஷம் நான் வேலைக்குப் போயிருந்தபோது, லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் கீற்று வீடு பற்றிக்கொண்டது. காஸ் டியூபில் கசிவு. என் மனைவி இளவரசி பிள்ளை வித்யாவை அள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இவள் முழங்கையில் ஒரு தழும்பு.

பிறகு சிமென்ட் வீடு கட்டினோம். ஆனால் அடுப்பை உள்ளே கொண்டுவரவே மாட்டேன் என்றுவிட்டாள். வாசலில் தகரம் மறைத்துச் சமைப்பாள். கடல்காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து எரியும். மழைக்காலத்தில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சோறு வடித்தாள். இரவெல்லாம் இருமினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஸ்பிரிங்ளர் வாங்கிவந்து அடுப்படிக் கூரையில் மாட்டினேன். மாடித் தொட்டியிலிருந்து குழாய், தானே ஓடுகிற சின்ன பம்பு, எல்லாம் வைத்தேன்.

"பாருமே, நடுவுல செவப்பா ஒரு கண்ணாடிக் குப்பி கீதுல்ல? சூடு ஏறினா அது ஒடையும், தண்ணி கொட்டும். அவ்ளோதான்."

"மீனு வறுத்தா பொக வருமே, அதுக்கும் கொட்டிச்சின்னா?"

"பொகைக்கெல்லாம் அசையாது. சூட்டுக்குத்தான்."

"அப்போ ஒருவாட்டி வுட்டுக் காட்டு."

"முடியாதுமே. குப்பி ஒடைஞ்சா போச்சு, வேற மாட்டணும்."

வந்ததே அவளுக்குக் கோபம்! அவள் பிறந்த வீடு தலைமுறை தலைமுறையாகக் கடலில் மீன் பிடித்த வீடு.

"புதுசா படகு வாங்கினா வெள்ளோட்டம் வுடாம வலைய ஏத்துவாங்களாய்யா? இது மட்டும் இன்னா, சாமியா? நம்பிக் கும்புட்டுக்கினு குந்தணுமா?"

"கம்பெனிலயே சோதிச்சிட்டுதான் அனுப்புறான்."

"அந்தக் கம்பெனிக்காரனா வந்து எம்புள்ளைய தூக்கிக்கினு ஓடுவான்?"

மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால் வீட்டு வாசலில் கூட்டம். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் அண்ணன் கண்ணப்பன் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், ஒன் ஊட்டுக்குள்ளயே மழை பேஞ்சிடுச்சி!"

உள்ளே அடுப்படி முழுக்க வெள்ளம். நடுவில் ஒரு தகரத் தட்டு, அதில் கருகிய பனையோலை. சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள் இளவரசி. பிள்ளையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, வீட்டுக்குள் தீக்குச்சியே தொடாதவள் தானாகத் தீ மூட்டியிருக்கிறாள், பாவி!

"நெருப்பு மேல தூக்கிச்சிய்யா. ஓடிடலாம்னு திரும்பினேன், டப்புன்னு ஒடைஞ்சி கொட்டிச்சி பாரு..."

சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். திட்டுவதற்கு வாய்வரை வந்ததெல்லாம் எனக்கு எங்கே போனதோ தெரியவில்லை. ஈரத்தோடு அவளை அணைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும், வாசலில் இருந்த அடுப்பை உள்ளே தூக்கிவந்து மேடையில் வைத்தாள்.

"இப்போ வேணாமே! குப்பி ஒடைஞ்சிடுச்சி, தொட்டியும் காலி. தலைக்கு மேல ஒண்ணுமே இல்ல. நாளைக்குப் புதுசு மாட்டிடறேன்."

"மாட்டு. இப்போ டீ குடிக்க வேணாமா?"

பற்றவைத்துவிட்டாள். நான் ஓடிப்போய் அடிபம்பில் ஒரு வாளி தண்ணீர் பிடித்துவந்து அவள் பக்கத்திலேயே நின்றேன்.

"யோவ், இன்னாத்துக்கு வாளி?"

"சும்மா."

"டீ கொதிக்கிற வரைக்கும் இப்டியே நிப்பியா?"

"நிப்பேன்."

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கி நீ இல்ல. எத்தினி வாட்டி ஒன் பேரச் சொல்லிக் கத்தினேன் தெரியுமா?"

தெரியாது. இத்தனை நாளில் இதை அவள் சொன்னதே இல்லை. பால் பொங்கி அவள் அடுப்பை அணைக்கும்வரை, வாளியைக் கீழே வைக்காமல் நின்றேன்.