மருந்து வண்டி

மேக்ஸ்வெல் புனே ரயிலைப் பிடிக்க இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. மேனாம்பேட்டில் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் 1760-ஆம் ஆண்டு வந்தவாசிப் போர் மட்டும் முடிந்தபாடில்லை. கட்டைவிரல் உயரம்கூட இல்லாத பொம்மைச் சிப்பாய்கள் எல்லாம் அவன் வண்ணம் தீட்டியவை. பிரெஞ்சுப் படை அவனுடையது, ஆங்கிலேயப் படை எதிரே உட்கார்ந்திருந்த தோழி ஷைலாவுடையது. அவனுக்குப் புனேயில் வேலை கிடைத்த பிறகும் மூன்று ஞாயிறு ஆடிவிட்டார்கள்.

ஷைலாவின் முறை வந்தது. பீரங்கியை யாருமில்லாத வயல் பக்கம் திருப்பிவிட்டுப் பகடையை எடுத்தாள்.

"இன்னா ஷைலா, கண்ணு தெரிலயா? என் வெடிமருந்து வண்டி உன் பீரங்கிக்கு நேரா நின்னுகினு கீது. மூணு வாரமா பாக்குறேன், வயலயே சுடுற. நெல்லு இன்னா பண்ணுச்சு உன்ன?"

அவள் சிரிக்கவில்லை.

"வண்டிய சுடு. வெடிச்சா நான் காலி. தோத்துட்டு பொட்டியக் கட்டுறேன்."

சிப்பாய்களை அடுக்கும் பஞ்சுப் பெட்டி நாற்காலியில் திறந்து கிடந்தது. அவள் பகடையை உருட்டாமல் பிடித்திருந்தாள்.

"ஆட்டம் முடிஞ்சிட்டா நீ திரும்பி வர மாட்ட, மேக்ஸ்," என்றாள். "எனக்கு நீ வரணும்."