பூசணிக்கூட்டில் ஒரு கரண்டி நெய்

1

இந்தக் கதையில் நான் காதால் கேட்டது இரண்டே வாக்கியங்கள். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாளையம்பட்டியில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எனக்கு அடுத்த இலையில் இருந்த இளம்பெண், பாயசம் வேண்டாம், நெய் வேண்டாம், மோர் வேண்டாம் என்று இலையைக் கையால் மறைத்துக்கொண்டே இருந்தாள். வீகனாம். பரிமாற வந்த அம்மாள் வாளியோடு நின்று சொன்னார்: "எங்க திருச்சுழிப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துலயே ஒருத்தி பாலு, நெய்யி, முட்டை ஒண்ணும் தொடாம, கொல்லையில வெளைஞ்சத வச்சே ஆக்கித் தின்னா. அவ புருசனுக்குச் சாகுற மட்டும் அதுல வெக்கம்."

யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார். பந்தி முடிந்து தேடினேன், ஆளைக் காணோம்.

வெட்கம் என்றாரே, யாரை நினைத்து? மனைவியை நினைத்தா, தன்னை நினைத்தா? அதைக் கேட்க முடியாமல் போனதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[ஐப்பசி மழை விட்ட கரிசல் பூமியில் தெரசாளின் தோட்டம் பச்சைப் பட்டு விரித்தாற்போல]

அடித்துவிட்டேன். பட்டை விரித்தால் நீங்கள் அதில் உட்கார்ந்துவிடுவீர்கள். தெரசாள் (அவளுக்கு நான் வைத்த பெயர்) தன் தோட்டத்தை அப்படிப் பார்த்திருக்கவும் மாட்டாள். எந்த வெண்டை நாளைக்கு முற்றிப்போகும் என்று பார்த்திருப்பாள்.

இரண்டாவது தொடக்கம் கட்டுரையாகிவிட்டது. அதில் ஒரு விஷயத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறேன். அந்தப் பந்திப் பெண்ணுக்கு ஒரு சொல் இருந்தது. "வீகன்" என்றாள், பரிமாறுகிறவர்கள் நகர்ந்துவிட்டார்கள். தெரசாளுக்கு அப்படி ஒரு சொல் கிடையாது. சைவம் என்று சொல்லலாம் என்றால் சைவத்தில் பால் உண்டு, நெய் உண்டு. வேதக்காரிக்கு, கிறிஸ்தவப் பெண்ணுக்கு, எதற்குச் சைவம் என்ற கேள்வியும் உண்டு. பெயரில்லாத ஒன்றைச் செய்கிற மனைவியை ஊருக்கு என்னவென்று சொல்வது? அவள் புருஷன் செல்லத்துரையின் வெட்கம் அங்கே தொடங்கியது என்று வைத்துக்கொள்கிறேன்.

3

யுத்த காலம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன். செல்லத்துரைக்குத் திருச்சுழிக்கு மேற்கே கொஞ்சம் பருத்திக்காடு, ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் கொல்லை, ஒரு பசு.

அந்த வருஷம் சித்திரையில், அவனுக்கும் தெரசாளுக்கும் பிறந்த முதல் குழந்தை, ஞானஸ்நானம் கொடுத்த மறுவாரமே வலிப்புக் கண்டு இறந்துபோனது. தெரசாளுக்குப் பால் வற்றவில்லை. பக்கத்து வீட்டு ஒச்சம்மாள், பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை மார்போடு வைத்துக் கட்டிவிட்டாள். பூ வாட வாட, புதுப்பூ வைத்துக் கட்டினாள்.

வைகாசியில் பசு கன்று ஈன்றது. அந்தக் கன்றும் தங்கவில்லை. பசு பால் இறக்க மறுத்தது, கிட்டே போனால் உதைத்தது. வெள்ளாமை பார்க்கிற சம்சாரி என்ன செய்வான்? எல்லாரும் செய்கிறதைத்தான் அவனும் செய்தான். கன்றின் தோலை உரித்துக் காயவைத்து, உள்ளே வைக்கோலை அடைத்துத் தைத்து, குச்சிக் காலில் நிறுத்திப் பசுவின் முன்னால் கொண்டுபோய் வைத்தான். பசு முகர்ந்து பார்த்தது. அப்புறம் நாக்கை நீட்டி நக்கத் தொடங்கியது. செம்பில் பால் சர் சர்ரென்று இறங்கியது. செய்த வேலை பலித்த சந்தோஷத்தில் நிமிர்ந்தான். தொழுவத்து வாசலில் தெரசாள் நின்றிருந்தாள். சேலை முன்பக்கம் நனைந்திருந்தது.

[அவள் முகத்தில் அப்போது]

முகத்தை எழுதப் போவதில்லை. செல்லத்துரை அன்று முகத்தைப் பார்க்கவே இல்லை. செம்பில் நுரை பொங்கியிருப்பதைத்தான் பார்த்தான்.

அன்றிலிருந்து அவள் பாலைத் தொடவில்லை. அடுத்து முட்டை நின்றது, பிறகு கருவாடு, கறி. ஏன் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

4

ஆடியில் கொல்லையைக் கொத்திப் பூசணி, வெண்டை, கத்தரி, சீனியவரை என்று ஊன்றினாள். அரிசி களைந்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர், எல்லாம் அங்கேதான் போனது. மழை விழுந்ததும் பருத்திக்காட்டு வரப்பில் அதலக்காய்* பறித்து வந்தாள்.

(*அதலக்காய் தெரியாதவர்களுக்கு: பாகற்காயின் கடைசித் தங்கை. கரிசலில் மழைக்குத் தானே முளைக்கும். இரண்டு முனையையும் கிள்ளிவிட்டு, வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் வதக்கவேண்டும். பறித்த அன்றைக்கே. வைத்திருந்தால் வெடித்துப்போகும்.)

நெய் இருந்த இடத்துக்கு நல்லெண்ணெய் வந்தது. கூட்டுக்குப் பால் விடுகிற வழக்கம் அந்த வீட்டில் இருந்தது. இப்போது நிலக்கடலையை ஊறவைத்து அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்து விட்டாள். கருவாட்டுக்குப் பதில் வறுத்த மிதுக்கங்காய் வத்தல், மோருக்குப் பதில் கொள்ளு ரசம். செல்லத்துரை எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. நன்றாகத்தான் இருந்தது.

தனக்கு வேண்டிய பாலைத் தானே காய்ச்சிக்கொண்டான். அது வெளியே தெரிந்துபோனது. "செல்லத்துரை வீட்டுல அவரே பால் காய்ச்சுறாராம்ல" என்று கிணற்றடியில் பேச்சு. அதற்குப் பிறகு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்சினான்.

5

ஐப்பசியில் அவன் தங்கை ரோஸிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜான்ராஜுக்குப் பந்தல்குடி. புது மாப்பிள்ளையை விருந்துக்கு அழைக்கவேண்டும். செல்லத்துரை வெகுநேரம் யோசித்து ஒரு நாளைக் குறித்தான்.

"வெள்ளிக்கிழம வரச் சொல்லிருக்கேன்" என்றான்.

தெரசாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மாப்பிள்ளை விருந்துக்கா? வெள்ளிக்கிழமயா?"

"அன்னைக்குன்னா யாரும் கறி கேக்க மாட்டாகள்ல."

வெள்ளிக்கிழமை கத்தோலிக்க வீட்டில் கறி கிடையாது. மனைவியை மறைக்கத் திருச்சபையின் ஒறுத்தல் விரதத்தைத் திரையாகக் கட்டியிருக்கிறான். அவளுக்குப் புரிந்தது. கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நெய்யும் மோரும் வேணுமே" என்றான்.

"எலையில நீங்களே ஊத்துங்க. நான் ஒண்ணும் சொல்லல. என் சட்டியில மட்டும் விழுகாம பாத்துக்கோங்க. நானும் அதுலதான திங்கணும்."

"சரி."

"வாக்கா சொல்லுங்க."

"அதான் சரின்னுட்டேன்ல."

6

இனி வருவதை இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை, நெய்யை ஊற்றியவள் ரோஸி. வாய்த்துடுக்கான நாத்தனாராக அவளை ஆக்கி, "என்ன மதினி, சப்புன்னு இருக்கு" என்று அவளே சட்டியில் கவிழ்ப்பதாக எழுதினேன். வேலை சுலபமாக முடிந்தது. வாசித்துப் பார்த்தபோது, தங்கையின் முதுகுக்குப் பின்னால் செல்லத்துரை ஒளிந்துகொண்டிருந்தான். ஒளித்து வைத்தவன் நான்.

ரோஸி அப்படிப்பட்டவளே இல்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையால் ஓடிய கரி பஸ்ஸில் வந்து இறங்கியவள், நேரே கொல்லைக்கு ஓடி, "யாத்தே, எம்புட்டுப் பெரிய பூசணி!" என்று கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். தெரசாள் எல்லாவற்றையும் ஆக்கி இறக்கிவிட்டு, இலை அறுக்கப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாள். செல்லத்துரை நெய்க்கிண்ணத்தை எடுக்க அடுப்படிக்கு வந்தான். பூசணிக்கூட்டின் மூடியைத் திறந்து மோந்தான். கடலை வாசம் வந்தது. புது மாப்பிள்ளைக்குக் கடலை வாசமா? இலையில் புருஷன் நெய் ஊற்றிக்கொண்டு திரிய, பெண்டாட்டி தள்ளி நின்றால் மாப்பிள்ளை என்ன நினைப்பான்? சட்டியிலேயே மணந்துவிட்டால் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். ஒரு கரண்டி. அந்தப் பசுவின் நெய். ஊற்றிக் கிண்டி, மூடியை முன்பு இருந்த மாதிரியே சாய்த்து வைத்தான். கையை வேட்டியில் துடைத்தபோது காது சூடாக இருந்தது.

பந்தியில் ஜான்ராஜ் கேட்டுக் கேட்டு வாங்கியது அதலக்காய் வதக்கலை. கொள்ளு ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தான். "மச்சான், இந்தக் கை எங்க வீட்டுல ஒரு மாசம் சமைச்சாத் தேவல" என்றான். பூசணிக்கூட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊற்றியிருக்கவே வேண்டாம்.

7

ஆண்கள் எழுந்தபின் தெரசாளும் ரோஸியும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். செல்லத்துரை வெற்றிலைத் தட்டு எடுக்க வந்தவன் நிலைப்படியில் நின்றுவிட்டான். அந்தச் சட்டியை அப்புறப்படுத்த அவனுக்கு நேரம் இருந்தது. "கூட்டு தீந்துபோச்சு" என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து இவ்வளவு யோசித்தவனுக்கு அவளும் சாப்பிடுவாள் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

[மறந்துபோயிருந்ததா? இந்த இடத்தில் அவனை நம்புவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.]

தெரசாள் கூட்டைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். தாடை நின்றது. மெல்ல நிமிர்ந்து நிலைப்படியைப் பார்த்தாள். இப்போது அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

துப்ப வழியில்லை. பக்கத்தில் ரோஸி, வெளியே மாப்பிள்ளை. கண்ணில் நீர் கோத்துக்கொள்ள, விழுங்கினாள்.

"என்ன மதினி, காரமா?"

"இல்லத்தா. பொறை ஏறிருச்சு."

ரோஸி அவள் தலையைத் தட்டினாள். செல்லத்துரை வெறுங்கையோடு திரும்பிப் போனான். "வெத்தல எங்க மச்சான்?" என்றான் மாப்பிள்ளை.

8

சாயங்காலம் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தான். தெரசாள் கொல்லையில் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் பிசுக்குப் போனபின்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கரண்டிதான்" என்றான். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். வந்தது அதுதான்.

"வெக்கமா இருந்தா எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல. ரோஸியவே ஆக்கச் சொல்லிட்டு நான் ஒச்சம்மா வீட்டுல போய் இருந்திருப்பேன்."

"வெக்கமெல்லாம் இல்ல."

"அந்தப் பசு நக்குச்சே, வைக்கோல்னு தெரியாமலா நக்குச்சு?" தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரிஞ்சுதான் நக்குச்சு. எங்கையில ஒரு வைக்கோல் பிள்ளையக் குடுத்திருந்தா நானும் தூக்கி மடியில போட்டிருப்பேன். அதப் பாத்துக்கிட்டு நிக்கையில நீங்க பால் நல்லா எறங்குதுன்னீக."

அப்படிச் சொன்னது அவனுக்கு நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பான். அது தன் குரலிலேயே அவன் காதில் கேட்டது.

இங்கே அவன் அவள் காலில் விழுவதாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நன்றாகக்கூட வந்திருந்தது. விழுந்தால் அவனுக்கு மனசு ஆறியிருக்கும். கிழித்துப் போட்டேன். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

9

மறுநாள் காலையில் அவன் பால் காய்ச்ச அடுப்படிக்கு வந்தபோது பால் காய்ந்திருந்தது. தெரசாள் காய்ச்சியிருந்தாள். மத்தியானம் அவனுக்கு மட்டும் முட்டை வதக்கல், பருப்பின் மேல் நெய். அவள் கையாலேயே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கி வரச் சொல்லி மசாலா அரைத்தாள். தன் சட்டியை மட்டும் தனியே, அடுப்படியின் மூலையில், மூடிமேல் அம்மிக்குழவியை ஏற்றி வைத்திருந்தாள்.

அவன் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. கிணற்றடிப் பேச்சு நின்றது. கறி நாளில் வாசனை தெருவரைக்கும் போனது. ஒருமுறை ஜான்ராஜ் வந்து நாக்கைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுப் போனான். செல்லத்துரை அந்தக் குழவி கண்ணில் படாதபடி திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டான். சொந்த வீட்டில், திருடனுக்குப் பயந்து வைத்த பாரம் அது. ஊர் முன்னால் பட்ட வெட்கமெல்லாம் ஒரு நல்ல வேட்டி கட்டினால் போயிற்று. இது எந்த வேட்டிக்கும் மறையவில்லை.

[ஆகவே, வாசகரே,]

அந்தத் தொனி வேண்டாம்.

10

மார்கழி போய், தை போய், தவக்காலமும் ஈஸ்டரும் போயின. சித்திரை வெயிலில் கொல்லை காய்ந்துவிட்டது. பூசணிக்கொடி சருகானது. கத்தரி மூட்டில் ஊற்றக்கூடத் தண்ணீர் இல்லை. மாட்டுத் தொட்டித் தண்ணீர் கசிகிற இடத்தில் மட்டும் ஒரு பாத்தித் தண்டங்கீரை நின்றது. அன்றைக்குத் தெரசாள் அதைப் பறித்துக் கடைந்திருந்தாள். ஒருத்திக்குத்தான் காணும். அவனுக்குப் பருப்பும் நெய்யும் வைத்துவிட்டு, குழவியை இறக்கித் தன் சட்டியைத் திறந்தாள்.

செல்லத்துரை தன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"எனக்கும் அதுல கொஞ்சம் வையேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, கேலியும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்:

"ஏன், யாரும் வாராகளா?"

"யாரும் வரல" என்றான். "எனக்குத்தான்."

இதற்குப் பிறகு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் வைத்தாள். அவன் நன்றாக இருக்கிறது என்று முதல்முறையாகச் சொன்னான். எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொன்றில், "இது எனக்கே பத்தாது" என்று சொல்லிச் சாப்பிட்டாள். அது உண்மையும்கூட. மூன்றாவதில் பாதியை ஒச்சம்மாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அது நான் தப்பித்துக்கொள்ளச் செய்த வேலை.

மூன்றையும் எடுத்துவிட்டேன். கொடுக்கவேண்டியவள் அவள். அவள் பேரில் நான் எழுதிக் கொடுத்தால், அவளைக் கேட்காமல் அவள் சட்டிக்குள் இன்னொரு கை போனதாகும். கீரை கொஞ்சம்தான் இருக்கிறது. அவன் தட்டு தள்ளியே இருக்கிறது. உங்களுக்கு ஒன்று தோன்றினால் அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். தெரசாள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.