ஈரத் துண்டின் மறுமுனை

1

மறைக்க என்ன இருக்கிறது, இந்தக் கதை ஒரு ஈரத் துண்டிலிருந்து வந்தது. நோணாங்குப்பம் படகுத் துறையில் ஒருவர் படகைவிட்டு இறங்கத் தடுமாறினார். கரையில் நின்றவர் கை நீட்டினார். இறங்கியவர் அந்தக் கையைப் பிடிக்காமல் தன் துண்டின் நுனியை நீட்ட, மற்றவர் அதைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். ஒன்றுமே நடக்காத மாதிரி இருவரும் போய்விட்டார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதினால் எனக்கு நன்றாக வரும்.

கதையில் வரப்போகிற ஒளிச்சிற்பம் எதுவும் அங்கே கிடையாது. அதைக் கொண்டுபோய் வைத்தவன் நான்.

2

முதல் தொடக்கம்: [அந்திச் சூரியன் கழிமுகத்தில் தங்கத்தைக் கரைத்துக்கொண்டிருந்தபோது, சுமலதா என்னும்]

வேண்டாம். தங்கம் விற்கிற விலைக்கு யாரும் கரைக்க மாட்டார்கள்.

இரண்டாவது: சுமலதா பொது இடங்களுக்கு ஒளிச்சிற்பம் செய்பவள். படகுத் துறையில் அவள் நட்டிருப்பது இரண்டு எஃகுத் தூண்கள், மேலே வலை மாதிரி விரிந்த விளக்குகள். ஒருவர் ஒரு தூணைத் தொட்டு, வரிசையாகக் கை கோத்து, கடைசி ஆள் அடுத்த தூணைத் தொட்டால் உடம்புகளின் வழியே மின்சாரம்* ஓடி வலை முழுக்க எரியும். ஒரு குடும்பம் மட்டும் நின்றால் எட்டாது. அடுத்தவர் கையையும் பிடித்தாக வேண்டும். நல்ல திட்டம். நான்தானே யோசித்தேன்.

* பயம் வேண்டாம். ஓடுவதே தெரியாத அளவுதான்.

3

திறப்பு நாள் மாலை. அரியாங்குப்பத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கலியமூர்த்தி, மகள் இனியாவோடு வந்திருக்கிறார். அவள் ஒரு கையால் தூணையும் மறு கையால் அப்பாவையும் பிடித்திருக்கிறாள். எதிர்த் தூணிலிருந்து சுப்பிரமணியனின் குடும்பம் கை கோத்து வருகிறது, கடைசியில் அவர். நடுவே அந்த இரண்டு ஆண்களின் கைகள்தான் சேர வேண்டும்.

இருவரும் ஒரே கிராமம், ஒரே பள்ளிக்கூடம். சுப்பிரமணியன் ஊர், கலியமூர்த்தி காலனி. ஊரில் இருப்பவர்கள் காலனிக்காரர்களைத் தொட மாட்டார்கள், தொடுவதில்லை என்று வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

சுப்பிரமணியன் அப்போதுதான் கடலில் குளித்துவிட்டுப் படகில் திரும்பியிருந்தார். சிரித்துக்கொண்டே ஈரத் துண்டின் ஒரு முனையை நீட்டினார். கலியமூர்த்தி, பழக்கதோஷம், பிடித்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைத் தடுக்குமா? வலை ஜொலித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இனியா குதித்தாள்.

சுமலதா மட்டும் கை தட்டவில்லை.

4

(முந்தைய வரைவில் கலியமூர்த்தி கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவர். காய்ச்சலோடு அங்கே போன சுப்பிரமணியன் ஏற்கெனவே அவரிடம் கையைக் கொடுத்திருப்பார். அழகாகப் பொருந்தியது. அடித்துவிட்டேன். ஒருவர் கையைப் பிடிக்க அவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்திருக்க வேண்டுமா என்ன?)

5

எவ்வளவு மின்சாரம் வந்தால் விளக்கு எரியும் என்று காட்டும் கோடு சுமலதாவின் செல்போனில் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். ஈரத் துணி செல்லாது, தோல் மட்டுமே செல்லும். நகர்த்து என்றேன். மாட்டேன் என்றாள். நான் படைத்தவள் என்னிடமே முறைத்தாள்.

“நவுத்துனா வெளக்கு அணைஞ்சிடும். அந்தாளு கை குடுக்காம ஒதுங்கிட்டாருன்னா? பொண்ணு முன்னாடி அவமானம் கலியமூர்த்தி சாருக்குத்தான். ஒங்களுக்கு என்ன, பேப்பர்தான.”

என்னிடம் இரண்டு முடிவுகள் மட்டும் இருந்தன.

அ) விளக்கு அணைகிறது, சுப்பிரமணியன் மனம் திருந்திக் கட்டிப்பிடிக்கிறார். நீங்கள் இதைத் தியேட்டரில் பார்த்துவிட்டீர்கள்.

ஆ) விளக்கு எரிகிறது, செல்ஃபி எடுக்கிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். இதைத் தினமும் பார்க்கிறீர்கள்.

நாங்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, யாரைக் கேட்க வேண்டுமோ அவரை இருவருமே கேட்கவில்லை. அவரும் காத்திருக்கவில்லை.

6

கலியமூர்த்தி துண்டை விட்டுவிட்டார்.

வலை அணைந்தது. கூட்டம் முணுமுணுத்தது. ஏம்பா என்று இனியா கேட்டாள். அவர் அவளுடைய கையை விடவில்லை. மறு கையை விரித்து நீட்டினார்.

“துண்டு வேணாம் சுப்பிரமணி. கையக் குடு. குடுக்கலன்னா இருட்டாவே கெடக்கட்டும். நீ குடுக்கறியா இல்லையான்னு எம் பொண்ணும் பாக்கட்டும்.”

குரலை உயர்த்தவில்லை. இந்த வரியை எழுதியபோது எனக்கு அவரைப் பற்றிப் பெருமையாக இருந்தது. என்னைப் பற்றியும் கொஞ்சம்.

7

சுப்பிரமணியன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். இடது கை மனைவி பாக்கியலட்சுமியிடம் இருக்கிறது. வலது கை சும்மா இருக்கிறது. அவர் [கையை மெல்ல]

அவர் [தலையைத் திருப்பி]

இரண்டையும் முழுசாக எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நன்றாக வந்திருந்தன. அதனால்தான் எடுத்துவிட்டேன். எதைப் போட்டாலும் நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சுப்பிரமணியனைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டு, சாப்பிடப் போய்விடுவீர்கள். விட மாட்டேன்.

(நீங்கள் கலியமூர்த்தி மாதிரி காலனியில் பிறந்தவர் என்றால் உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. நீட்டிய கையை இறக்காதீர்கள், போதும்.)

மற்றவர்கள் வாருங்கள். சுப்பிரமணியனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன். அந்த இடம் இப்போது உங்களுடையது. உங்களோடு படித்த, உங்களுக்குப் பெயர் தெரிந்த ஒருவர் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவருடைய மகள் விளக்கைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.